செருப்பைக் கழற்றச் சொல்வது எப்படி: ஆங்கிலத்தின் சின்னச் சொற்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு முகப்பு. வீட்டைச் சுற்றிக்காட்டும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த தம்பி, வந்திருந்த வெள்ளைக்காரத் தம்பதியிடம் பணிவாகச் சொன்னான்: 'ப்ளீஸ் புட் ஆஃப் யுவர் ஷூஸ்.' பெரியவர் சிரித்துக்கொண்டே, 'அன்டில் வென்?' என்றார். தம்பி முழித்தான். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது. ஷூவை எந்தத் தேதிக்குத் தள்ளிப்போட வேண்டும் என்று அவர் கேட்கிறார்.

தம்பி முட்டாளில்லை. தமிழில் 'கழற்றிப் போடுங்க' என்கிறோம். 'போடு' என்றதும் 'புட்' வந்தது. காலைவிட்டுப் போக வேண்டியது என்பதால் 'ஆஃப்' சேர்ந்தது. வழி சரிதான், விடைதான் தப்பு.

காரைக்குடிப் பக்கம் ஹோம்ஸ்டே, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, பழைய சாமான் கடை, வாடகைக் கார் என்று வெளியூராரோடு பேசிப் பிழைக்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். 'ஆர்க்கிடெக்சர்', 'ஹெரிடேஜ்' எல்லாம் அவர்கள் வாயில் சரளமாக வரும். இரண்டெழுத்துச் சொற்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். வேறு வரிசைகளில் சொல்லிக்கொடுத்துப் பார்த்துத் தோற்ற பிறகு, கீழே உள்ள வரிசைக்கு வந்தேன். படிகளை மாற்றிப் போடாதீர்கள்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். இந்தப் பாடத்தை வாயும் காதும்தான் கற்றுக்கொள்ள வேண்டும். எழுத்துக்கூட்டல் இப்போதைக்கு வேண்டாம்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு. குரல் பதிவு செய்ய ஒரு போன். ஒரு ஓலைக் கொட்டான் (மூடியுள்ள சின்னக் கூடை), ஒரு சாவி. கொட்டானும் சாவியும் எதற்கு என்று அடுத்த படியில் தெரியும்.

நோட்டின் முதல் பக்கத்தில், உங்கள் வேலையில் தினமும் புழங்கும் இருபது வினைகளைத் தமிழில் எழுதுங்கள். திற, பூட்டு, கழற்று, இறக்கிவிடு, நிரப்பு, திருப்பிக் கொடு, இப்படி. ஆங்கிலத்தில் எழுத வேண்டாம். முதலில் ஆங்கிலத்தில் எழுதினால் தெரிந்த வினைகளைத்தான் எழுதுவீர்கள். தமிழில் எழுதினால்தான் தெரியாதவை வெளியே வரும்.

கடையில் விற்கும் 'ஐந்நூறு ஃப்ரேசல் வெர்ப்கள்' (வினையும் சின்னச் சொல்லும் சேர்ந்த ஜோடிகள்) பட்டியல் வேண்டவே வேண்டாம். மனப்பாடம் செய்தவன் பட்டியலை ஒப்பிப்பான், வாசலில் ஆள் வந்து நின்றால் வாய் திறக்க மாட்டான்.

மூன்று பெயர்களை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். ப்ரெபொசிஷன் என்பது, நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு செய்யும் வேலையை முன்னால் நின்று செய்யும் சொல். இதை முன்சொல் என்று வைத்துக்கொள்வோம். அட்வெர்ப் பார்ட்டிக்கிள் என்பது வினைக்குப் பின்னால் வந்து வினையின் பொருளைத் திருப்பிவிடும் சொல். என் வகுப்பில் இதற்கு 'வால்' என்று பெயர். மூன்றாவது உடைமைப் பெயர், அதாவது பெயரோடு ஒட்டும் 'ஸ்'.

சிக்கல் என்னவென்றால் 'ஆஃப்', 'ஓவர்', 'அப்' போன்ற சொற்கள் ஒரு சமயம் முன்சொல்லாகவும் இன்னொரு சமயம் வாலாகவும் வேலை பார்க்கும். அதை ஆறாவது படியில் பிரிப்போம். அதற்கு முன் அவசரம் வேண்டாம்.

2. 'இல்' என்பதை மறந்துவிட்டுப் பொருளைப் பாருங்கள்

வீட்டில், திண்ணையில், வாசலில். தமிழுக்கு ஒரே 'இல்' போதும். ஆங்கிலத்தில் 'இன் த ஹவுஸ்', 'ஆன் த திண்ணை', 'அட் த என்ட்ரன்ஸ்'. ஆகவே 'இல்'லுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்தப் பொருள் பெட்டியா, பரப்பா, புள்ளியா என்று கேளுங்கள். பெட்டி என்றால் 'இன்'. பரப்பு என்றால் 'ஆன்'. புள்ளி என்றால் 'அட்'.

இப்போது கொட்டானை எடுங்கள். சாவியை உள்ளே போட்டு 'இன் த பாஸ்கெட்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூடியின் மேல் வைத்து 'ஆன் த லிட்'. வாசலுக்குப் போய் நின்று 'ஐ ஆம் அட் த டோர்'. சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். இருந்தாலும் கையால் செய்தது வாயில் நிற்கிறது. உட்கார்ந்து படித்தவர்களைவிட எழுந்து நடந்தவர்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

'ஆன்' என்றால் 'மேலே' என்று பள்ளியில் சொல்லிவிடுகிறார்கள். பாதிதான் சரி. 'ஆன்' என்றால் தொட்டுக்கொண்டிருக்கிறது. மின்விசிறி கூரைக்குக் கீழேதான் தொங்குகிறது, ஆனாலும் 'ஆன் த சீலிங்'. சுவரில் மாட்டிய ஐயாவின் படம் 'ஆன் த வால்'. அதே சுவரில் குடைந்த விளக்கு மாடம் 'இன் த வால்'. படம் சுவரைத் தொடுகிறது, மாடம் சுவருக்குள் இருக்கிறது. இந்த ஒரு ஜோடியை மறக்காதீர்கள். இதே 'தொடுதல்'தான் பின்னால் வால் பாடத்தில் கைகொடுக்கப் போகிறது.

ஊர்ப் பெயரில் எல்லாரும் குழம்புவார்கள். 'ஐ லிவ் இன் காரைக்குடி', ஏனென்றால் ஊர் நம்மைச் சுற்றி இருக்கிறது. ஆனால் 'த ட்ரெய்ன் ஸ்டாப்ஸ் அட் காரைக்குடி'. தண்டவாளத்தில் காரைக்குடி ஒரு புள்ளி. ஊர் ஒன்றுதான், பார்வை இரண்டு.

வண்டிகளுக்கு ஒரு சுருக்கு வழி: உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் 'ஆன்', குனிந்து உட்கார மட்டும் முடிந்தால் 'இன்'. 'ஆன் த பஸ்', ரயில் என்றால் 'ஆன் த பல்லவன்'. ஆனால் 'இன் த கார்', 'இன் த ஆட்டோ'. நடந்து வந்தேன் என்பதற்கு 'பை வாக்' கிடையாது, 'ஆன் ஃபுட்'. போனில் பேசுவதற்கும் 'இன் த போன்' கிடையாது, 'ஆன் த போன்'.

ஆத்தங்குடிப் பட்டறையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி கையிலேயே இருக்கிறது. அச்சை எங்கே வைக்கிறீர்கள்? 'ஆன் எ க்ளாஸ் ப்ளேட்'. கண்ணாடிமேல் வைப்பதால்தான் டைல்ஸ் கல்லுக்கு அந்த வழவழப்பு. வண்ணத்தை ஊற்றுவது 'இன்டு த மோல்ட்'. வெளியிலிருந்து உள்ளே போகிறது, அதனால் வெறும் 'இன்' இல்லை, 'இன்டு'. பிறகு ஊறுவது 'இன் வாட்டர்', காய்வது 'இன் த சன்'. 'வெயிலில்' என்றால் தலைக்கு மேல் சூரியன்தானே என்று 'அண்டர் த சன்' என்பார்கள். ஆங்கிலக்காரர் வெயிலுக்குள் நிற்கிறார், வெயிலுக்குக் கீழே இல்லை. ஒரு கல் செய்து முடிப்பதற்குள் நான்கு இடத்தில் முன்சொல் வந்துவிடும். பார்க்க வந்தவரிடம் செய்துகொண்டே சொல்லிப் பாருங்கள்.

3. அதே மூன்று படத்தையும் நேரத்துக்குப் போடுங்கள்

மணி ஒரு புள்ளி, அதனால் 'அட் ஃபைவ்'. நாள் ஒரு பரப்பு, அதனால் 'ஆன் டியூஸ்டே'. மாதமும் வருடமும் பெட்டி, அதனால் 'இன் ஜனவரி', 'இன் 1953'. காலை, மாலை 'இன் த மார்னிங்', 'இன் த ஈவ்னிங்'. இரவு மட்டும் 'அட் நைட்'. ஏன் என்று கேட்காதீர்கள், அப்படித்தான்.

நாளும் காலையும் சேர்ந்தால் நாள்தான் ஜெயிக்கும்: 'ஆன் டியூஸ்டே மார்னிங்'. நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல் எப்போது என்று கேட்டால் 'ஆன் த ஃபர்ஸ்ட் டியூஸ்டே ஆஃப்டர் பொங்கல்'. ஆனால் 'நெக்ஸ்ட்', 'லாஸ்ட்' வந்தால் முன்சொல் ஓடிவிடும். 'ஐ வில் கம் நெக்ஸ்ட் டியூஸ்டே'. 'ஆன் நெக்ஸ்ட் டியூஸ்டே' வேண்டாம்.

இதெல்லாம் சின்னத் தப்பு, கேட்பவருக்குப் புரிந்துவிடும். பணம் போகிற தப்பு இரண்டு உண்டு.

முதலாவது 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பது. இது 'பை ஃப்ரைடே'. 'வெள்ளிக்கிழமை வரை' என்பது 'டில் ஃப்ரைடே'. நம் ஆட்கள் இரண்டுக்கும் 'டில்' போடுவார்கள். 'வீ வில் டெலிவர் டில் ஃப்ரைடே' என்று ஒரு பையன் சொன்னான். வாங்கியவர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளிவரை சரக்கு வரும் என்று நினைத்து இறக்க ஆள் போட்டுவிட்டார். கூலி யார் தலையில் விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது 'ரெண்டு நாளுக்கு முன்னாடி'. 'பிஃபோர் டூ டேஸ்' என்று அப்படியே மாற்றாதீர்கள். 'டூ டேஸ் அகோ' என்பதுதான் சரி. ஆங்கிலத்தில் அபூர்வமாக நம் வரிசையிலேயே, அளவுக்குப் பின்னால் வந்து நிற்கும் சொல் இது. எனவே தமிழை அப்படியே நம்பலாம்: ரெண்டு நாள் முன்னாடி, 'டூ டேஸ் அகோ'. 'ரெண்டு நாள் கழிச்சு வர்றேன்' என்பதற்கு 'ஆஃப்டர் டூ டேஸ்' வேண்டாம், 'இன் டூ டேஸ்' என்று சொல்லுங்கள்.

4. ஒட்டிக்கொண்டு வரும் உருபை உதிர்த்துவிடுங்கள்

இந்தப் படி எளிது. காரணம் ஒன்றுதான்: தமிழில் உருபு இருந்தால் ஆங்கிலத்திலும் முன்சொல் இருக்கும் என்று நம் வாய் நம்புகிறது.

'பற்றி' இருப்பதால் 'டிஸ்கஸ் அபவுட்'. 'க்கு' இருப்பதால் 'ரீச் டு காரைக்குடி'. 'உள்ளே' இருப்பதால் 'என்டர் இன்டு த ஹவுஸ்'. 'திரும்பி' இருப்பதால் 'ரிட்டர்ன் பேக்'. 'கிட்ட' இருப்பதால் 'டெல் டு ஹிம்'. இந்த வினைகள் அந்த உருபைத் தங்கள் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. 'டிஸ்கஸ்' என்றாலே 'பற்றிப் பேசு'. மேலே இன்னொரு 'அபவுட்' எதற்கு? 'டிஸ்கஸ் த ரேட்', 'ரீச் காரைக்குடி', 'என்டர் த ஹவுஸ்', 'டெல் ஹிம்'.

மறுபக்கமும் உண்டு. 'பாட்டுக் கேட்டேன்' என்பதில் உருபு வெளியே தெரியாது, அதனால் 'லிசன் சாங்ஸ்' என்கிறோம். 'லிசன் டு சாங்ஸ்'. 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' இல்லை, 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ'. கேள்வியில் இது இன்னும் மோசமாகும். 'யாருக்காகக் காத்திருக்கீங்க?' என்பது 'ஹூ ஆர் யூ வெய்ட்டிங் ஃபார்?' என்று வர வேண்டும். கடைசி 'ஃபார்' அனாதையாகத் தொங்குவது போலத் தெரிவதால் விழுங்கிவிடுகிறார்கள். அது தொங்கட்டும்.

'ஹோம்', 'ஹியர்', 'தேர்', 'அப்ராட்' இந்த நான்கும் 'டு' கேட்காது. 'கோ டு சிங்கப்பூர்' சரி, 'கோ டு அப்ராட்' தப்பு. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் நம் பக்கத்தில் இந்த ஒரு வாக்கியத்தையாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும்: 'ஹி வென்ட் அப்ராட்'.

5. வால்களை ஒட்டுங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்ற படிகளுக்கு ஒரு வாரம் என்றால் இதற்கு மூன்று.

எல்லாரும் வால்களைப் பார்த்து மிரளுவார்கள். 'டேக்' என்றால் எடு. 'டேக் ஆஃப்' என்றால் கழற்று, விமானத்துக்கு என்றால் கிளம்பு. 'டேக் ஓவர்' என்றால் பொறுப்பேற்றுக்கொள். இது என்ன நியாயம் என்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: 'போடு' என்ற சொல் தமிழில் என்ன பாடுபடுகிறது? தூக்கிப்போடு, தள்ளிப்போடு, கழற்றிப்போடு. 'கொள்', 'விடு' இரண்டும் சும்மா இருக்கின்றனவா? எழுதிக்கொள், பூட்டிவிடு, இறக்கிவிடு. முதன்மை வினைக்குப் பின்னால் ஒரு சின்ன வினையைக் கட்டி நாம் பொருளைத் திருப்புகிறோம். ஆங்கிலக்காரர் பின்னால் வாலைக் கட்டித் திருப்புகிறார். இதைப் புரிந்துகொண்ட அன்றைக்கே பாதிப் பயம் போய்விடும்.

நோட்டின் முதல் பக்கத்து இருபது வினைகளை இப்போது எடுங்கள். தூக்கிப்போடு, 'த்ரோ அவே'. எழுதிக்கொள், 'ரைட் டவுன்'. திருப்பிக் கொடு, 'கிவ் பேக்'. பூட்டிவிடு, 'லாக் அப்'. தள்ளிப்போடு, நம் பழைய நண்பர் 'புட் ஆஃப்'. உங்கள் வேலைக்கு வேண்டாத வாலைத் தொடாதீர்கள்.

அப்புறம் வாலின் படத்தைப் பாருங்கள். 'ஆன்' தொடுகிறது என்று பார்த்தோம். 'ஆஃப்' அதற்கு நேர் எதிர், தொட்டது விலகிவிட்டது. செருப்பு காலைத் தொட்டால் 'புட் ஆன்', விலகினால் 'டேக் ஆஃப்'. மின்சாரம் தொட்டால் 'ஸ்விட்ச் ஆன்', விலகினால் 'ஸ்விட்ச் ஆஃப்'. பஸ்ஸில் ஏறினால் 'கெட் ஆன்', இறங்கினால் 'கெட் ஆஃப்'. காருக்குப் பெட்டிக் கணக்கு என்பதால் 'கெட் இன்', 'கெட் அவுட்'. இரண்டாவது படியை ஏன் முதலில் வைத்தேன் என்று இப்போது தெரிகிறதா?

'அப்' கொஞ்சம் குறும்புக்காரச் சொல். மேலே என்பதோடு 'முழுசாக, மிச்சம் வைக்காமல்' என்ற பொருளும் உண்டு. 'ஈட் அப்', 'லாக் அப்', 'க்ளீன் அப்'. படிவத்தை மட்டும் 'ஃபில் அப்' என்று சொல்லாதீர்கள். நாம் எல்லாரும் அப்படித்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம், ஆனால் வெளியூராருக்கு 'ஃபில் அப்' என்றால் பெட்ரோல் டேங்க். படிவத்துக்குப் பிரிட்டிஷ்காரர் 'ஃபில் இன்', அமெரிக்கர் 'ஃபில் அவுட்'.

ஹோம்ஸ்டே பிள்ளைகள் வாலைத் தொலைக்கும் இடம் ஸ்டேஷன்தான். 'வீ வில் பிக் யூ' என்று செய்தி அனுப்புவார்கள். உங்களைத் தேர்ந்தெடுப்போம் என்று அர்த்தமாகிவிடும். 'வீ வில் பிக் யூ அப்' என்பதுதான் வண்டியோடு வந்து ஏற்றிக்கொள்வது. 'வீ வில் ட்ராப் யூ' என்று நிறுத்தினால் கைநழுவிக் கீழே போட்டுவிடுவோம் என்பது போல இருக்கும். 'ட்ராப் யூ ஆஃப்' என்று வாலைக் கட்டுங்கள், இல்லையென்றால் 'ட்ராப் யூ அட் த ஸ்டேஷன்' என்று இடத்தையாவது சொல்லுங்கள்.

ஒரு உச்சரிப்பு எச்சரிக்கை. 'ஆஃப்' வேறு, 'ஆவ்' வேறு. விலகுவது 'ஆஃப்', உதட்டில் காற்று ஊதும். 'த டோர் ஆவ் த ஹவுஸ்' என்பதில் வருவது 'ஆவ்', காற்று ஊதாது. நம் பக்கம் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம்.

6. வாலா, முன்சொல்லா: 'இட்' வைத்துச் சோதியுங்கள்

அந்த முகப்புக்கே திரும்புவோம். வாசலில் நின்று இரண்டு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. செருப்பைக் கழற்றுங்கள். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி வாருங்கள்.

முதலாவதை 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்றும் சொல்லலாம், 'டேக் யுவர் ஷூஸ் ஆஃப்' என்றும் சொல்லலாம். ஆனால் ஷூ என்ற சொல்லை விட்டு 'அதை' என்று சொல்ல வந்தால் ஒரே வழிதான்: 'டேக் தெம் ஆஃப்'. 'டேக் ஆஃப் தெம்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். வால் வினையின் வால், அதனால் கடைசிக்கு நகர்ந்துகொள்கிறது.

இரண்டாவது 'ஸ்டெப் ஓவர் த த்ரெஷோல்ட்'. 'அதை' போட்டால் 'ஸ்டெப் ஓவர் இட்'. இங்கே 'ஸ்டெப் இட் ஓவர்' என்று மாற்றவே முடியாது. இந்த 'ஓவர்' முன்சொல். படியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, விடாது. 'டோன்ட் ஸ்டெப் ஆன் இட்' என்பதிலும் 'ஆன்' அப்படித்தான்.

ஆகச் சோதனை இது: பெயரை எடுத்துவிட்டு 'இட்' அல்லது 'தெம்' வையுங்கள். அது நடுவில் போய் உட்கார்ந்தால் வால். கடைசியில்தான் உட்காருவேன் என்றால் முன்சொல். 'ஸ்விட்ச் இட் ஆஃப்', 'ஃபில் இட் இன்', 'பிக் தெம் அப்', எல்லாம் வால். 'லுக் அட் இட்', 'லுக் ஆஃப்டர் இட்', 'வெய்ட் ஃபார் தெம்', எல்லாம் முன்சொல்.

காதுக்கும் ஒரு சோதனை உண்டு. வால் சத்தமாக விழும், முன்சொல் மெலிந்து போகும். 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மேல். 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' மேல், 'அட்' பாதி முழுங்கியபடி வரும். நாம் எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் சொல்வதால்தான் நம் ஆங்கிலம் அவர்களுக்கு அவசரமாகக் கேட்கிறது.

புதியவர்களுக்கு ஒரு யோசனை: வால் வினைகளை எப்போதும் 'இட்' சேர்த்தே மனதில் வையுங்கள். நோட்டில் 'ஸ்விட்ச் ஆஃப்' என்று எழுதாமல் 'ஸ்விட்ச் இட் ஆஃப்' என்று எழுதுங்கள். வரிசைத் தப்பு தானாக நின்றுவிடும். நடுவில் எதுவும் வராத வால்களும் உண்டு. 'கம் இன்', 'சிட் டவுன்', 'த பவர் இஸ் ஆஃப்'. கரண்ட் போகும் ஊரில் கடைசி வாக்கியம் கட்டாயம் தேவைப்படும்.

7. உடைமை: விழுங்கிய 'ஸ்'ஸை வெளியே எடுங்கள்

இங்கே நமக்கு ஒரு அதிர்ஷ்டம். வரிசை அப்படியே நம் வரிசைதான். 'அம்மாவோட அண்ணனோட மகன்', 'மை மதர்ஸ் பிரதர்ஸ் சன்'. உறவுமுறை சொல்லியே வளர்ந்த நமக்கு இந்தச் சங்கிலி தண்ணீர் பட்ட பாடு.

அப்படியிருந்தும் எங்கே தப்பு வருகிறது? தமிழில் உருபைத் தொகையாக விட்டுவிடலாம். 'முதலாளி கார்', 'ஆச்சி வீடு' என்றாலே போதும். அந்தப் பழக்கத்தில் 'மை பாஸ் கார்', 'மை அங்கிள் ஹவுஸ்' என்று 'ஸ்' இல்லாமல் வருகிறது. ஆங்கிலத்தில் ஆள் என்றால் 'ஸ்' கட்டாயம். ஆளுக்கு 'ஸ்' விட்டால் அது ஏதோ ஒரு வகைக் கார் போலாகிவிடும்.

ஒலி மூன்று விதம். 'குக்', 'ஷாப்' போன்ற வல்லொலிக்குப் பின் சுத்தமான 'ஸ்': 'த குக்ஸ் ரூம்'. 'டிரைவர்', 'அங்கிள்' போன்றவற்றுக்குப் பின் வண்டு ரீங்காரம் போன்ற 'ஸ்', அது தமிழில் இல்லாத ஒலி, தொண்டையில் கை வைத்தால் அதிரும். 'பாஸ்', 'கோச்' போல ஏற்கெனவே சீறி முடியும் சொற்களுக்கு ஒரு அசை கூடும்: 'மை பாஸஸ் கார்'. மூன்றாவதைத்தான் எல்லாரும் விழுங்குவார்கள். இரண்டாவது சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை, புரிந்துகொள்வார்கள்.

பொருட்களுக்கு இந்த 'ஸ்' பெரும்பாலும் பொருந்தாது. 'டேபிள்ஸ் லெக்' என்பதைவிட 'டேபிள் லெக்', இல்லையென்றால் 'த லெக் ஆவ் த டேபிள்'. வகையைச் சொல்ல வந்தால் 'ஸ்' வேண்டாம்: 'ஆத்தங்குடி டைல்ஸ்', 'செட்டிநாடு ஹவுஸஸ்'. காலத்துக்கு மட்டும் தாராளமாகப் போடலாம்: 'டுடேஸ் பேப்பர்'. மதுரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டால் 'டூ அவர்ஸ் ட்ரைவ்'.

நம் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குப் பங்காளிகள் பலர். அதனால் இது தேவைப்படும்: இரண்டு பேர் சேர்ந்து ஒரே வீடு என்றால் கடைசிப் பெயருக்கு மட்டும் 'ஸ்'. 'மை ஃபாதர் அண்ட் அங்கிள்ஸ் ஹவுஸ்'. ஆளுக்கொரு வீடு என்றால் இருவருக்கும் தனித்தனி 'ஸ்': 'மை ஃபாதர்ஸ் அண்ட் மை அங்கிள்ஸ் ஹவுஸஸ்'. எந்த வீடு யாருடையது என்பதை ஒரு 'ஸ்' தீர்மானிக்கிறது, சொத்து விவகாரம் போல.

எழுத்தில் ஒன்றே ஒன்று. உடைமைக்குத் தலைமேல் தொங்கும் காற்புள்ளி வேண்டும். ஒருவர் என்றால் அது எஸ்ஸுக்கு முன், பலர் என்றால் பெரும்பாலும் பின். வெறும் பன்மைக்கு அது வேண்டவே வேண்டாம். பலகாரக் கடைப் பலகையிலும் லாட்ஜ் பலகையிலும் ஸ்வீட்ஸுக்கும் ரூம்ஸுக்கும் அந்தக் காற்புள்ளி தொங்குவதைப் பார்த்தால், எந்த ஸ்வீட்டின் சொத்து என்று கேட்கத் தோன்றும். 'அதனுடைய' என்று பொருள்படும் 'இட்ஸ்' மட்டும் காற்புள்ளி இல்லாமல்.

8. ஐந்து நிமிட வீட்டுச் சுற்று

போனில் பதிவை ஓடவிட்டு, வாசலிலிருந்து கொல்லைவரை நடந்துகொண்டே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். பெரிய வீடுதான் வேண்டும் என்பதில்லை. இரண்டு அறை வீட்டிலும் வாசல், படி, சுவர், அடுப்படி உண்டு. வரிசை இது: வாசலில் வால் ('டேக் தெம் ஆஃப்', 'கம் இன்'), படியில் முன்சொல் ('ஸ்டெப் ஓவர் இட்'), வளவுக்குள் (முற்றம் உள்ள கட்டு) 'இன்டு', பட்டாலை (கூடம்) வழியாக 'த்ரூ', சுவரில் மாட்டிய படத்துக்கு 'ஆன்', யார் படம் என்பதற்கு 'ஸ்', எப்போது கட்டியது என்பதற்கு 'இன்', கடைசியில் விளக்கை அணைக்க 'ஸ்விட்ச் இட் ஆஃப்'.

நிறுத்தாமல் பேசுங்கள். தப்பு வந்தால் திரும்பிப் போகாதீர்கள், விருந்தாளி முன் திரும்பிப் போக முடியாது. பதிவை அன்றைக்கே கேட்காமல் மறுநாள் காலையில் கேளுங்கள். அன்றே கேட்டால் சொல்ல நினைத்ததுதான் காதில் விழும், சொன்னது விழாது.

கேட்கும்போது நோட்டில் மூன்று கோடு போடுங்கள்: முன்சொல், வால், உடைமை. தப்பு எந்தக் கோட்டில் அதிகம் விழுகிறதோ அந்தப் படிக்கு மட்டும் திரும்புங்கள். என் அனுபவத்தில் முதல் வாரம் வால் கோடுதான் நிறையும். இரண்டாவது வாரத்தில் விழுங்கிய 'ஸ்' தலைகாட்டும், அதுவரை அது தப்பு என்றே காதுக்குத் தெரிந்திருக்காது.

முகப்புத் தம்பி இப்போது 'ப்ளீஸ் டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்கிறான். போன வாரம் ஒரு விருந்தாளி கழற்றிய ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று பார்த்தார். 'யூ கேன் லீவ் தெம் இன் த திண்ணை' என்றான். இரண்டாவது படியை மறுபடி நடத்த வேண்டும்.